இரண்டு பொட்டலம்

ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா. உங்களைத்தான். செருப்பை எங்கே விடுவது என்று வாசலில் கேட்டீர்களே, அப்போதே தெரிந்துவிட்டது, நீங்கள் இந்த ஊர் இல்லை என்று. அதனால்தான் கூப்பிட்டேன். இந்த ஊர்க்காரர்களிடம் கேட்க முடியாது. கேட்டால் சாயங்காலத்துக்குள் நாலு பேர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பெரிய உதவி இல்லை. இந்தப் பையில் வாழையிலைத் துண்டு இரண்டு இருக்கிறது, நார் இருக்கிறது, பூ இருக்கிறது. இது நந்தியாவட்டை, இது செவ்வரளி. ஒரு இலையில் வெள்ளை, ஒரு இலையில் சிவப்பு வைத்து மடித்துக் கட்டித் தர வேண்டும். எதில் எது என்று எனக்குத் தெரியக் கூடாது. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதில் என்ன பூ இருக்கிறதோ அதுதான் உத்தரவு. உங்கள் ஊரிலும் இப்படிப் பூக்கட்டிக் கேட்பார்கள்தானே?

கிணறு வெட்டலாமா, பெண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நான் கேட்கப்போவது வேறு. திரை போட்டிருக்கிறது, அலங்காரம் முடிய நேரமாகும். உட்காருங்கள், சொல்லிவிடுகிறேன். எதற்கென்று தெரியாமல் கட்டித் தரச் சொன்னால் உங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

என் பெயர் சண்முகக்கனி. இங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். அதே பள்ளிக்கூடத்தில்தான் ஆறாவது வரைக்கும் படித்தேன். ஏன் ஆறாவதோடு நின்றேன் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என் தம்பி பிறந்தான். அம்மா மில்லுக்குப் போக வேண்டும், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அவன் படித்து, இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் இன்னும் ஆளாகத்தான் இருக்கிறேன். முன்பு அவனைப் பார்த்துக்கொள்ள, இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள.

அம்மாவுக்குப் புற்றுநோய். குடலில் கட்டி. சித்திரையில் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே தம்பி சொல்லிவிட்டான், "அக்கா, அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. குடல்புண்ணுன்னு சொல்லு. தெரிஞ்சா பாதி உயிர் அங்கேயே போயிரும்." சொல்வது அவனுக்கு லேசு. சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். தினமும் குடல்புண் குடல்புண் என்று பாடுவது நான். மதுரை ஆஸ்பத்திரியில் அந்த வார்டு வாசலில் போர்டு போட்டிருக்கிறார்கள், இவ்வளவு பெரிய எழுத்து. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் அவளைத் துணி துவைக்கிற பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், பின்வாசல் வழியாக உள்ளே நுழைவேன். சேறும் சகதியும். "ஏ கனி, முன்வாசல்ல என்ன, பாம்பா கெடக்கு?" என்பாள். கூட்டம் என்பேன். மருந்துச் சீட்டையெல்லாம் அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். இவ்வளவும் நான் தனி ஆளாகச் செய்திருக்கிறேன்.

மூன்று தடவை மருந்து ஏற்றினார்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் அது வராமல் இருக்கட்டும். முடி கொட்டியது, நகமெல்லாம் கறுத்தது, வாய் முழுக்கப் புண். பஸ்ஸில் வரும்போது மடியில் பாலிதீன் பையோடு உட்கார்ந்திருப்பாள். தலையைத் தடவிக்கொண்டே ஒரு நாள் கேட்கிறாள், "ஏ கனி, குடல்புண்ணுக்கு மொட்டை விழும்னு எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா?" சூட்டுக்கு விழும் என்றேன். "அப்படியா" என்றாள். அத்தோடு சரி. நம்பிவிட்டாள். அவளிடம் அது ஒன்று நல்ல குணம், சொன்னால் நம்பிவிடுவாள்.

மற்றதெல்லாம் பிடிவாதம். கஞ்சி கொண்டு போனால் வாயைத் திறக்க மாட்டாள். "வாடை அடிக்குது, அப்புறம் வையி." அப்புறம் என்றால் எப்போது? பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு வந்து பார்த்தால், காலையில் வைத்த தம்ளர் ஆடை கட்டி அப்படியே இருக்கும். வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கவில்லை என்பாள். டாக்டர் வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அட்டை அப்படியே இருக்கிறது. வலியே இல்லாதவளுக்கு எதற்கு மாத்திரை? துண்டு ஓரத்தை மட்டும் எப்போதும் கடித்துக்கொண்டிருப்பாள். ஓரமெல்லாம் நூல் நூலாகப் போய்விட்டது. பழைய துண்டு, போகத்தான் செய்யும்.

பார்க்க வருகிறவர்கள் தொல்லை ஒரு பக்கம். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி பப்பாளி இலைச் சாறு கொடு என்கிறாள், ஒருத்தி கழுதைப்பால் கொடு என்கிறாள். கழுதைக்கு நான் எங்கே போவேன்? தம்பி ராத்திரி ஆனால் வீடியோவில் வருவான். "அம்மாவைக் காட்டுக்கா." காட்டுவேன். "என்னக்கா இப்படி இளைச்சுட்டாங்க, சாப்பாடு கொடுக்கறியா இல்லையா?" போனைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது மருந்து முடிந்ததும் படம் எடுத்துப் பார்த்தார்கள். பெண் டாக்டர்தான், சின்னப் பெண். என்னையும் தம்பியையும் உட்கார வைத்துச் சொன்னாள். "கட்டி கேட்கலைங்க. ஈரலுக்குப் போயிருச்சு. வேற ஒரு மருந்து இருக்கு, அது இதைவிடக் கடுமையா இருக்கும். கேட்கும்னு உறுதி சொல்ல முடியாது. வேண்டாம்னா வலி தெரியாம வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்கலாம், அதுக்கு வேண்டிய மருந்து நாங்க தர்றோம். அம்மாகிட்டயும் கேட்டுட்டு, அடுத்த வியாழக்கிழமைக்குள்ள வந்து சொல்லுங்க."

அம்மாவிடமும் கேட்டுவிட்டு! அவ்வளவு படித்த பிள்ளைக்கு அது தெரியவில்லை பாருங்கள். குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம், எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

தம்பி படியில் இறங்கும்போதே, "மருந்தை ஏத்திருவோம்க்கா, நாம பாட்டுக்கு விட்டுட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றான். யாரை வைத்துக்கொண்டு ஏற்றுவது? அவன் பிடிக்கப் போகிறானா வாந்தியை? நான் ஏற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வாயால் அப்படிச் சொல்லுவேனா? பெற்ற தாய். ஏற்றலாம் என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. மூன்றாவது தடவை ஏற்றியபோது அவள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடி என் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. கடைசியில் நான்தான் சொன்னேன், அம்மனிடம் கேட்போம், பூக்கட்டிப் பார்ப்போம் என்று. வெள்ளை வந்தால் போதும், நிறுத்திக்கொள்வோம். சிவப்பு வந்தால் மருந்து ஏற்றுவோம். தம்பியும் ஒத்துக்கொண்டான். அம்மன் சொன்னால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது பாருங்கள்.

போன வெள்ளிக்கிழமை கேட்டோம். தம்பிக்கு லீவு இல்லை, அவன் பெண்டாட்டி அழகுமீனா வந்தாள். வந்ததும் வராததுமாக அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டாள், வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டாள். ஒரு நாள் கூத்து. ஒரு நாள் என்றால் நானும்தான் சிரித்த முகமாகத் துடைப்பேன். அம்மாவும் அவளிடம், "உன் கை பஞ்சு மாதிரி இருக்குத்தா" என்கிறாள். என் கை அரிவாள்மனை பிடித்த கை. அப்படித்தான் இருக்கும்.

அம்மாவிடம், பின்னால் கிடக்கிற இடத்தை விற்கலாமா வேண்டாமா என்று பூக்கட்டிப் பார்க்கப்போகிறோம் என்று சொல்லி வைத்தோம். பூவை அழகுமீனாதான் பறித்து வந்தாள். இலையை எடுத்து மடிக்க உட்கார்ந்தாள். அம்மா, "கொண்டா இங்கே, சும்மாதானே கெடக்கேன், நான் கட்டுறேன்" என்றிருக்கிறாள். நான் அடுப்படியில் இருந்தேன், பேச்சு மட்டும் கேட்டது.

"எது வந்தா என்னத்தா?"

"வெள்ளை வந்தா வேணாம் அத்தை. செவப்பு வந்தா செய்யலாம்."

"ம். நாக்கு வறளுது, பானைத் தண்ணி கொஞ்சம் கொண்டா."

இவள் தண்ணீர் எடுக்க வந்தாள். திரும்பிப் போவதற்குள் அம்மா இரண்டையும் கட்டி வைத்துவிட்டாள். அந்தப் பொட்டலங்களைக் கோயில் வரைக்கும் தூக்கி வந்தது யார்? அழகுமீனா. தன் கைப்பையில் போட்டுத் தூக்கி வந்தாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். வெள்ளை. அதோ அந்தத் தூணில் சாய்ந்துகொண்டேன். அழகுமீனா அழுதாள். போன் போட்டுச் சொன்னோம், தம்பியும் அழுதான். "அம்மன் சொன்ன பிறகு என்னக்கா" என்றான். மறுநாள் அவள் ஊருக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளும் எனக்கு நெஞ்சில் ஒரு கனம் குறைந்த மாதிரி இருந்தது. நல்லபடியாக ஒரு தூக்கம் தூங்கினேன்.

அந்த இன்னொரு பொட்டலம் இருக்கிறதே, அதை இங்கே மரத்தடியில் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். யாரும் பிரிக்க மாட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. அம்மன் காலடியில் இருந்த பூ ஆயிற்றே என்று முந்தானையில் முடிந்து கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விளக்குத் துடைக்கும்போது பார்க்கிறேன், இலை காய்ந்து வாயைத் திறந்திருக்கிறது. உள்ளே என்ன பூ தெரியுமா?

வெள்ளை. அதுவும் வெள்ளை!

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மன் சந்நிதியில் ஏமாற்று வேலை. யார் செய்திருப்பார்கள்? யோசிக்கவே வேண்டாம். மருந்து ஏற்றினால் மாதத்தில் பத்து நாள் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டவள் அழகுமீனா. வர முடியாது என்று வாயால் சொன்னால் கெட்ட பெயர். அதனால் பூவை மாற்றிவிட்டாள். போன் போட்டுக் கேட்டேன். நன்றாகக் கேட்டேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"மதினி, என் பிள்ளை மேல சத்தியமா நான் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்ல. ஏன் மதினி இப்படிப் பேசுறீங்க?"

"நீ பிரிக்கலைன்னா அது தானா வெளுத்துருச்சாக்கும்!"

தம்பி போனை வாங்கி, "இனிமே என் பொண்டாட்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசாத" என்று வைத்துவிட்டான். அன்றையிலிருந்து வீடியோவும் இல்லை, ஒன்றும் இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், இந்தச் சத்தமெல்லாம் அம்மா காதில் விழுந்திருக்கிறது. நேற்றுக் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கிறேன், தலையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சூடு தணியும் என்று வைப்பேன், அப்போது சொல்கிறாள்.

"ஏ கனி, அவளை ஏன் திட்டுற? ரெண்டுலயும் வெள்ளையை வச்சது நான்தான்."

"நீ சும்மா இரும்மா. இடம் விக்கிற விஷயம், உனக்குத் தெரியாது."

"எந்த இடம்? நான் போற இடமா?" சிரிக்கிறாள். பல்லில்லாத குழந்தை மாதிரி. "ஏத்தா, மூணு மாசமா அந்த வார்டுல படுத்து எந்திரிக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி எல்லாத்தையும் முதல் நாளே சொல்லிட்டா. நீ பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போறியேன்னுதான் நானும் சேத்துல நடந்து வந்தேன்."

நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தேன். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

"எனக்கு இன்னொரு தடவை அந்த ஊசி வேணாம்த்தா. அவன் போடலாம்னு சொல்லிட்டுப் போயிருவான். உன்னால வேணாம்னு சொல்ல முடியாது, சொன்னா காலம் பூரா அதையே நெனச்சு நெனச்சுச் சாவ. அதான் அம்மனைச் சொல்ல வச்சேன். அவ கோவிச்சுக்கிட்டா நான்தானே சீக்கிரமாப் போயிப் பாக்கப்போறேன், பேசிக்கிறேன்."

இப்படிச் சொன்னாள். கேட்டீர்களா? நான் ஒரு சொல்கூட நம்பவில்லை. ஏன் என்றால், முதலாவது, அவளுக்கு நோயின் பெயரே தெரியாது. நான்தான் தெரியாமல் பார்த்துக்கொண்டேனே. இரண்டாவது, அவளுக்கு இப்படியெல்லாம் பேச வராது. அழகுமீனாதான் போனில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மருமகளைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். எப்போதுமே மகன் வீட்டுப் பக்கம்தான் அவளுக்கு. என்னை நினைத்து அவள் ஒரு காரியம் செய்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆறாவதில் என் புத்தகப் பையை எடுத்துப் பரணில் போட்டாளே, அன்றைக்கு நினைத்தாளா, பிள்ளை காலம் பூரா இதை நினைத்து நினைத்துச் சாவாள் என்று?

நம்பவில்லை. ஆனால் பாருங்கள், நேற்றுச் சமைத்த சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். பிள்ளைகள் நூற்றிருபது பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பதினெட்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

அதனால்தான் இன்றைக்குச் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறேன். வியாழக்கிழமை டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும். நடந்தது நடக்காத மாதிரி வைத்துக்கொண்டு, திரும்ப ஒரு தடவை ஒழுங்காகக் கேட்டுவிடுவது. அழகுமீனா கை படக் கூடாது, அம்மா கை படக் கூடாது, என் கையும் படக் கூடாது. என் கையை ஏன் சொல்கிறேன் என்றால், இலையை மடிக்க ராத்திரி நானே உட்கார்ந்தேன். என்ன பூ எதில் என்று என் கைக்குத் தெரிந்துவிடுகிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது. அதான் உங்களைப் பிடித்தேன். உங்களுக்கு எங்கள் அம்மா இருந்தால் என்ன, போனால் என்ன? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரபட்சம் இருக்காது என்று சொல்ல வந்தேன்.

உள்ளே மணி அடிக்கிறார்கள், முடியப்போகிறது போல. இந்தாருங்கள், இலை. சீக்கிரம் மடியுங்கள்.

இருங்கள், இருங்கள். அந்த வெள்ளைப் பூவை இப்படிக் கொடுங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள், யாரிடமும் சொல்லப்போவதில்லை, நீங்கள் வெளியூர். இரண்டிலும் சிவப்பையே வைத்துவிடுங்களேன். நிறையப் பறித்து வந்திருக்கிறேன். போன தடவை யாரோ இரண்டிலும் வெள்ளை வைத்தார்கள், அம்மன் பேசாமல்தானே இருந்தாள்? இந்தத் தடவையும் பேசாமல் இருக்கட்டும். கணக்குச் சரியாகிவிடும். மருந்தை ஏற்றிவிடலாம். கடுமையாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நான் பக்கத்திலேயே இருப்பேன். வேலைக்கு லீவு போட்டுவிடுகிறேன். கம்பியைப் பிடிக்க விடமாட்டேன், என் கையைக் கொடுத்துவிடுகிறேன், உடைத்தாலும் உடைக்கட்டும். வாந்தியெல்லாம் எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. ஏதோ சலிப்பில் சொன்னேன். தை வரைக்கும் இருந்தால்கூடப் போதும். அவள் இல்லாத வீட்டில் நான் யாரைத் திட்டிக்கொண்டிருப்பேன்?

இரண்டிலும் ஒரே பூவா என்கிறீர்களா? பிறகு எதற்குக் கேட்க வேண்டும், நேரே போய் ஏற்றச் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? அப்படி இல்லையம்மா. அம்மன் சொன்னாள் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டாமா? பொய் சொல்ல எனக்கு வராது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மடியுங்கள். திரையை விலக்கிவிட்டார்கள், அம்மன் முகம் தெரிகிறது பாருங்கள். வரிசையில் நிற்க வேண்டும். இதைக் கட்டியாயிற்றா? சிவப்புதானே? சரி. இன்னொன்று.

அதைக் கட்டாதீர்கள். பொறுங்கள்.

சேற்றில் நடந்து வந்தேன் என்றாள். அவ்வளவு சகதியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதமும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல்தான் வந்தாள்.

அந்தச் சிவப்பை எடுத்துவிடுங்கள். இந்தாருங்கள், வெள்ளை. கசங்கிவிட்டது, என் கையிலேயே இருந்ததால். பரவாயில்லை, அதையே வையுங்கள். அவளுடையதும் ஒன்று இருக்கட்டும்.